உட்கார்ந்து பாட ஒரு அட்டை

தனக்கு முந்நூறு பாட்டு தெரியும் என்று வேலுமணி சொல்லிக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி பாவாயியும் ஆமாங்க என்று தலையாட்டுவாள். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. ஆனால் அந்த முந்நூறில் ஒன்றுகூட முழுப் பாட்டு இல்லை என்கிற சங்கதி, ஐம்பத்தாறாவது வயதில், நகராட்சிக் கூட்ட அறையில் நான்கைந்து பேர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவருக்கே தெரியவந்தது.

அதற்கு முன்னால் அவருடைய காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மனுசனுக்குக் குரல் இருந்தது, ஊர் முழுக்கத் தெரு இருந்தது, கேட்க ஆளும் இருந்தது. கால்தான் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காட்டுக் குடியிருப்பில் பிறந்தவர். பதினெட்டு வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் ஏறினார். ஆந்திரா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று பூமியில் ஓட்டை போட்டுக்கொண்டே பாதி இந்தியாவைச் சுற்றினார். கம்ப்ரஸர் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் காதில் விழாது. அந்தச் சத்தத்தை மீறிப் பாடிப் பாடித்தான் வேலுமணிக்கு அந்தத் தொண்டை வந்தது. சங்கீதம் யாரிடம் கற்றீர்கள் என்று யாராவது கேட்டால், "கம்ப்ரஸருகிட்டங்க" என்பார்.

முப்பத்தேழு வயதில் துளை போடும் இரும்பு ராடு நழுவி விழுந்து வலது கையில் மூன்று விரல் நசுங்கிப் போயிற்று. பிடிமானம் இல்லாத கைக்குப் போர் லாரியில் வேலை கிடையாது. ஊருக்கு வந்து ஆறு மாதம் சும்மா படுத்திருந்தார். பாட்டுக் கச்சேரிக்காரர் ஒருவர் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடது கையில் மைக்கைப் பிடித்தபடி, ஒரு நாள் காலை டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். பாவாயி உண்டியல் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள்.

முதல் வாரத்திலேயே போலீஸ் பிடித்தது. அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பாட்டு, ஸ்பீக்கர், கூட்டம், போக்குவரத்துக்கு இடைஞ்சல். அனுமதி கேட்டுப் போனால், எந்தத் தெரு, எந்த நாள், எத்தனை மணி என்று எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தால் அந்த நாள் போன பிறகு கூப்பிட்டு, அது முடிந்துவிட்டதே, புதிதாக எழுதிக் கொடு என்றார்கள். இந்த விளையாட்டை வேலுமணி நான்கு தடவை விளையாடிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கோர்ட் வாசல் டீக்கடையில் ஒரு வக்கீல் குமாஸ்தாதான் அவருக்கு வழி சொன்னது.

"நின்னு பாடுனாத்தானுங்க கூட்டம் சேரும். கூட்டம் சேந்தாத்தான் குத்தம். நடந்துட்டே பாடுங்க. கேஸு நிக்காது."

அது சட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வேலுமணி கேட்கவில்லை. குமாஸ்தாவும் பார்த்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து பத்தொன்பது வருடம் அவர் ஒரு பாட்டைக்கூட நின்று பாடியதில்லை.

இருவரும் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். பாவாயி பத்தடி முன்னால் போவாள். அவர் பின்னால் பாடிக்கொண்டே வருவார். மூன்று கடை தாண்டினால் பல்லவி முடியும். அதற்கப்புறம் ஐந்தாறு கடைக்கு ஒரு சரணம். சரணம் முடியும் இடத்தில் எப்படியும் ஒரு சிக்னலோ முக்கோ வந்துவிடும், அங்கே காக்கிச் சட்டை இருக்கும். பாவாயி முந்தானையை எடுத்து இடுப்பில் சொருகினால் ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். உடனே ஸ்பீக்கர் அணைந்துவிடும். வாயை மூடிக்கொண்டு முக்கைத் தாண்டுவார்கள். அந்தப் பக்கம் போனதும் வேறு தெரு, வேறு காது, வேறு பாட்டு. பழைய பாட்டின் மிச்சத்தை அங்கே போய்ப் பாடினால் யாருக்குப் புரியும்? பென் டிரைவில் மியூசிக் ஏற்றிக் கொடுக்கும் செல்போன் கடைக்காரரும் ஒவ்வொரு பாட்டையும் முதல் சரணத்தோடு வெட்டித்தான் கொடுப்பார். இப்படிச் சேர்ந்ததுதான் அந்த முந்நூறு பாட்டும்.

டவுனில் பத்தொன்பது வருடத்தில் அவர் உட்கார்ந்த ஒரே இடம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு. அதுவும் நான்கைந்து தடவைதான். போலீஸ்காரர்கள் கெட்டவர்கள் என்று அவர் சொல்ல மாட்டார். அவர்களுக்கும் மேலே ஒருத்தர் கத்துகிறார், அவ்வளவுதான் என்பார். மாலை வரை உட்கார வைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். போகும்போது கால் கொஞ்சம் லேசாக இருக்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. கெண்டைக்காலில் பச்சைப் பச்சையாகப் புடைத்து, பிறகு கணுக்காலுக்கு மேலே சிரங்கு மாதிரி ஒரு புண் வந்தது. வந்தது போகவில்லை. ராத்திரி பாவாயி அதைக் கழுவித் துணி கட்டுவாள், மறுநாள் சாயங்காலத்துக்குள் துணி நனைந்திருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள்.

"இனிமே நடக்காதீங்க. நிக்கவும் கூடாது. உக்காந்து பாக்கற வேலையா ஏதாச்சும் பாருங்க" என்றார் டாக்டர்.

"உக்காந்தாப் புடிச்சுப் போடுவாங்களுங்க" என்றார் வேலுமணி.

டாக்டருக்கு அது விளங்கவில்லை. அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகும் நடந்தார். தெருக்கள் நீண்டுகொண்டே போயின. முன்பு பல்லவிக்கு மூன்று கடை என்றால் இப்போது இரண்டு கடைதான் கடக்க முடிந்தது. வீட்டில் பேச்சு முழுக்க அவர் காலைப் பற்றியே இருந்தது. ஓமலூரில் கட்டிக்கொடுத்த மகள் சுகன்யா போனில் கூப்பிட்டால் முதல் கேள்வி அப்பா கால் எப்படி இருக்குது என்பதுதான். பாவாயி அவரைத் திட்டிக்கொண்டே இருப்பாள். "சொன்னாக் கேக்கறீங்களா? அந்தக் காலை இழுத்துட்டு வந்து ரோட்டுல உழுந்து தொலைச்சா நான் என்ன பண்றது?" என்பாள். மறுநாள் காலை அவளே ஸ்பீக்கரைத் தூக்கிப் பஸ்ஸில் வைப்பாள்.

இந்த நிலைமையில்தான் அந்தச் சேதி வந்தது. நகராட்சியில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், தெருவில் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் இனி ஒவ்வொரு தடவையும் போலீஸ் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஒரு அட்டை வாங்கிக்கொண்டால் போதும், ஏழு இடம் ஒதுக்கியிருக்கிறது, அங்கே சின்ன ஸ்பீக்கர் வைத்து, சொன்ன நேரத்துக்கு உட்கார்ந்து பாடலாம். சொன்னவர் நவநீதகிருஷ்ணன், நகராட்சியில் எழுத்தர். டீக்கடை வாசலில் வேலுமணியின் பாட்டை வருடக்கணக்காக அரை அரையாகக் கேட்டவர்.

"உக்காந்துங்களா?" என்று வேலுமணி கேட்டார்.

"உக்காந்துதானுங்கண்ணா. கட்டம் போட்டுக் குடுப்பாங்க. யாரும் எழுப்ப முடியாது."

 வேலுமணிக்குப் பாட்டு வேண்டாம், கைதட்டு வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும் போலிருந்தது. உட்கார்ந்து.

நவநீதகிருஷ்ணனே விண்ணப்பத்தை நிரப்பினார். எத்தனை பாடல்கள் தெரியும் என்ற இடத்தில் முந்நூறு என்று எழுதினார். குழுவில் மற்றவர் என்ற இடத்தில் பாவாயி, உதவியாளர் என்று எழுதினார். பாவாயி அதை எட்டிப் பார்த்து, "நடக்கறதுதானுங்க என்ற வேலை, அதை எழுத வேண்டாமுங்க" என்று சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை அட்டைக்கான குரல் தேர்வு நடந்தது. கூட்ட அறையில் நீள மேசை, அதற்குப் பின்னால் நான்கு பேர். நடுவில் பெண்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் சண்முகப்பிரியா. ஏதாவது ஒரு பாட்டு முழுசாகப் பாடுங்கள் என்றார். வேலுமணி கும்பிட்டுவிட்டு மைக்கைப் பிடித்து ஓடக்காரன் பாட்டு ஒன்றை எடுத்தார். பழைய சினிமாப் பாட்டு, டவுனில் அதற்குத்தான் ஆள் திரும்பிப் பார்ப்பார்கள். குரல் கணீரென்று எழுந்தது. மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேலுமணி கண்ணை மூடிக்கொண்டார்.

பல்லவி பாதியில் அவர் கால் நடக்க ஆரம்பித்துவிட்டது.

அவருக்குத் தெரியவே இல்லை. மேசையைச் சுற்றி, நாற்காலி வரிசையைத் தாண்டி, கதவைத் தாண்டி, வராந்தாவில் காத்திருந்த ஆட்களைத் தாண்டிப் பாடிக்கொண்டே போனார். வராந்தா முனையில் குடிநீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் முதல் சரணம் முடிந்தது. அங்கே பழக்கதோசத்தில் மைக்கை இறக்கினார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டபோதுதான் கண்ணைத் திறந்தார். நவநீதகிருஷ்ணன் ஓடிவந்து கையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிப் போனார். வேலுமணிக்கு முகம் சுண்டிப் போயிற்று. சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

சண்முகப்பிரியா டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்.

"உக்காந்து பாடுங்க. விட்ட இடத்துல இருந்து எடுங்க. ரெண்டாவது சரணம்."

வேலுமணி உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு சட்டென்று வேறு ஒரு பாட்டின் பல்லவியை எடுத்தார். டீச்சர் கையைத் தூக்கி நிறுத்தினார். அவர் இன்னொரு பாட்டை எடுத்தார். மறுபடியும் கை தூக்கினார்.

"ஐயா, புதுப் பாட்டு வேண்டாம். ஒரே ஒரு பாட்டு. கடைசி வரைக்கும். விதியில முழுப் பாட்டுன்னு போட்டிருக்கு."

"தெரியாதுங்க அம்மிணி" என்றார் வேலுமணி. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய உண்மை என்று அவருக்கு உறைத்தது. "எதுவுமே தெரியாதுங்க. முழுசாப் பாடறதுக்கு எங்கீங்க உட்டாங்க?"

  டீச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ பேசிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை வரை நேரம் தருவதாகச் சொன்னார். ஒரு பாட்டு, முழுசாக. அவ்வளவுதான் கேட்கிறோம் என்றார்.

வெளியே வந்தால் இன்னொரு இடி. பஸ் ஸ்டாண்டு முக்கில் வழக்கமாக நிற்கும் போலீஸ்காரர் வேலுமணியைக் கூப்பிட்டு, கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார். அட்டை வந்த பிறகு அட்டை இல்லாதவர்கள் நடந்துகொண்டும் பாடக் கூடாது, பார்த்தால் பெட்டியை வாங்கி வைத்துவிட வேண்டும் என்று உத்தரவாம். கதவைத் திறக்கிறேன் என்று சொல்லி, ஜன்னலை அடைத்துவிட்டார்கள். முன்பு டவுனில் பாடுகிற எல்லோரும் ஒரே அளவுக்குத் திருடர்கள். இனி அட்டை வாங்காதவன் மட்டும்தான் திருடன். 

அந்த ஒரு வாரம் வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. செல்போன் கடைக்காரர் வெட்டாத பாட்டை ஏற்றிக் கொடுத்தார். அஞ்சாவது படித்த பாவாயி திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு இரண்டாவது சரணத்தைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள். வேலுமணி முதல் முறை முழுப் பாட்டையும் கேட்டார். முதல் சரணத்துக்கு அப்புறம் ஒரு வீணை வருகிறது. அதற்கப்புறம் புல்லாங்குழல். பத்தொன்பது வருடமாகப் பாடிய பாட்டுக்குள் இப்படி ஒரு சமாச்சாரம் இருந்தது அவருக்குத் தெரியாது. அதைவிட, அந்த ஓடக்காரன் அக்கரை சேர்ந்தானா இல்லையா என்பதே தெரியாது. சேர்ந்துவிடுகிறான். அங்கே யாரும் காத்திருக்கவில்லை, அதனால் ஓடத்தைக் கட்டிப்போட்டுவிட்டு அதற்குள்ளேயே படுத்துக்கொள்கிறான். வேலுமணிக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.

ஐம்பத்தாறு வயது மண்டையில் எட்டு வரி ஏறுவது லேசான காரியம் இல்லை. முதல் மூன்று வரி வரும், நாலாவது வரியில் வேறு பாட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓடக்காரன் திடீரென்று மாட்டு வண்டி ஓட்டுவான். பாவாயி அவர் காலைக் கழுவிக்கொண்டே வரி எடுத்துக் கொடுப்பாள்.

"மாட்டு வண்டி இல்லீங்க, ஓடம். ஓடம். தண்ணிக்குள்ள வண்டியா போகும்?"

"எனக்கு ஏறலை புள்ள. உட்டுரு. தலை கனக்குது."

"உட்டுட்டு? மறுக்கா நடக்கறதுக்கா? பாடுங்க."

அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து அவர் பார்த்ததில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி எடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை நாற்காலியின் முன்கால்களில் இரண்டு பாதத்தையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்து போய்விடக் கூடாது என்று அந்த ஏற்பாடு. கண்ணைத் திறந்தே பாடினார். இரண்டாவது சரணத்தில் ஒரு வரி முன்னே பின்னே ஆயிற்று. டீச்சர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார், பிறகு எழுதினார். பாட்டு முடிந்தது. முடிந்தது என்று நம்ப முடியாமல் வேலுமணி இன்னும் கொஞ்ச நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அட்டை வந்தது. அதில் இருந்த போட்டோவில் காணாமல் போனவர் மாதிரி இருந்தார். பஸ் ஸ்டாண்டு தெற்கு வாசலுக்கு எதிரே, வேப்ப மரத்தடியில், மூன்றாம் எண் இடம். காலை பத்து முதல் பன்னிரண்டு. தரையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். ஒரு கட்டில் போடுகிற அகலம்.

முதல் நாள் பாவாயி கட்டத்துக்குள் ஒரு போர்வையை நான்காக மடித்து விரித்தாள். ஸ்பீக்கரை நிறுத்தினாள். ஒரு செங்கல்லைத் துணி சுற்றி வைத்து அதன் மேல் அவர் இடது காலைத் தூக்கி வைத்தாள். வேலுமணி வேப்ப மரத்தில் முதுகைச் சாய்த்தார். இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் ஏதோ இறங்கிப் போவது தெரிந்தது. சந்தோசம் என்றுகூடச் சொல்ல முடியாது. அவ்வளவு அலுப்பு. இத்தனை நாள் இந்த அலுப்பை எங்கே வைத்திருந்தோம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாடினார். பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் வந்து நின்றார்கள். நாலைந்து பேர் உட்காரவே செய்தார்கள். முக்கில் போலீஸ்காரர் நின்றபடி இந்தப் பக்கம் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பாவாயிக்கு வேலை எதுவும் இல்லை. முன்னால் போக வேண்டியதில்லை, பார்க்க வேண்டியதில்லை, டப்பா தானாகக் கட்டத்தின் ஓரத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அப்புறம் அவர் பக்கத்தில் போர்வையின் முனையில் உட்கார்ந்தாள்.

அந்தப் பாட்டின் சரணம் முடிந்து வேலுமணி திரும்பிப் பார்த்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

படுக்கக்கூட இல்லை. ஸ்பீக்கர் பெட்டியின் மேல் தலையை வைத்து, வாய் லேசாகத் திறந்து, அத்தனை சத்தத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தூக்கம். கால் இரண்டும் கட்டத்துக்கு வெளியே நீண்டு கிடந்தன. வேலுமணி அந்தக் கால்களைப் பார்த்தார். பாதம் முழுக்க வெடிப்பு. இரண்டு கணுக்காலும் பொதபொதவென்று வீங்கியிருந்தன. அவருடைய புண்ணுக்குத் துணி கட்டுகிறவள் குனிந்து உட்கார்ந்திருப்பாள், சேலை மூடியிருக்கும். அவர் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

பத்தடி முன்னால் போவாள். கடைக்காரர் கூப்பிட்டால் டப்பாவோடு திரும்பி வருவாள். மறுபடி ஓடி முன்னால் போவாள். எதிர்ச் சாரியில் யாராவது கை காட்டினால் அங்கே தாண்டிப் போய்த் திரும்புவாள். அவர் ஒரு தெரு நடந்தால் அவள் இரண்டு தெரு நடந்திருக்கிறாள். பத்தொன்பது வருடம். அவர் காலை டாக்டரிடம் காட்ட அவள்தான் கூட்டிப் போனாள். அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றவள் அவள். உங்க காலைக் காட்டுங்கம்மா என்று டாக்டரும் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை, முந்நூறு பாட்டு தெரிந்த மகாராசனும் கேட்கவில்லை.

வேலுமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதிரே ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் அழவில்லை. துணி சுற்றிய செங்கல்லைத் தன் காலடியிலிருந்து உருவி, அவள் பாதத்துக்குக் கீழே மெல்ல நகர்த்தினார். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் முழுக்கவே அணைத்துவிட்டார்.

"என்னாச்சுங்க, பாட்டு நின்னுபோச்சு?" என்றார் எதிரே இருந்த ஒரு பெரியவர்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார் வேலுமணி. ஆட்கள் கொஞ்சம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அறிவு வந்தான். நாற்பது வயது, புல்புல்தாரா என்கிற தந்திக் கருவி வாசிப்பவன், அடுத்த நேரத்துக்கு அட்டை வாங்கியவன். கட்டத்தின் ஓரத்தில் நின்று அட்டையை நீட்டிக் காட்டினான்.

"அண்ணா, என்ற நேரமுங்க."

"தெரியுது சாமி" என்றார் வேலுமணி. "இன்னிக்கு ஒரு நாள் உன்ற நேரத்தை எனக்குக் குடு. பாடறதுக்கு இல்ல."

அறிவு பாவாயியைப் பார்த்தான். புல்புல்தாராவை உறையிலிருந்து எடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, கட்டத்துக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தான்.